இடி விழுந்த பொறவு ஈஎன்பி2எஸ்0 எங்க போச்சு?

இந்தத் தடவ வந்த கடுதாசியில பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், லினக்ஸ் பெட்டியில நெட்வொர்க் சர்வீஸ் கிளம்ப மாட்டேங்குதுன்னு. (தலைப்புல உள்ளது லினக்ஸ் ஒரு நெட்வொர்க் கார்டுக்கு வச்ச பேரு, கதை கீழ வருது.) ஐப்பசி பொறந்து மேக்க பொதிகைப் பக்கம் இடி உருள ஆரம்பிச்சாலே எனக்கு தபால் கூடிரும், வருசா வருசம் உள்ளதுதான். ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன், கமாண்டு, ஃபைல் பேரு எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், வாய்விட்டு வாசிச்சா என்னன்னு புரிஞ்சிரும், அடிக்கும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க, பெரிய எழுத்து வேணுங்கிற எடத்துல சொல்லுதேன்.

கேள்வி: அண்ணாச்சி, சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன், 12 மிஷின் ஓடுது. எல்லாத்துக்கும் முன்னால ஒரு பழைய டெபியன் (லினக்ஸ்ல ஒரு வகை) பெட்டி, அதுதான் எல்லாருக்கும் ஐபி குடுக்கும், அதுதான் நெட்டைப் பங்கு வைக்கும். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடிச்ச இடியில போர்டோட சேந்து வந்த லேன் போர்ட் செத்துப் போச்சு. புதுசா ஒரு கார்டு வாங்கிச் சொருவுனேன், லைட்டு எரியுது, ஆனா நெட்வொர்க்கிங் சர்வீஸ் ஃபெயில்டுங்குது, ஐபி குடுக்கிற டிஹெச்சிபி சர்வரும் ஃபெயில்டுங்குது. 20 தடவ ரீஸ்டார்ட் அடிச்சிட்டேன். எங்க மாப்பிள்ளை ஒருத்தன் வந்து பாத்துட்டு ஃபார்மேட் அடிச்சிரலாம்ங்கான். போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன், பாத்து சொல்லுங்க.
– கம்ப்யூட்டர் சென்டர்காரர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, மொதல்ல அந்த மாப்பிள்ளைக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பி விடுங்க. ஃபார்மேட் வேண்டாம்.

போட்டோவப் பாத்தேன். செவப்புல ஃபெயில்டுன்னு இருக்கிறதையும், கடைசி வரியில ஃபெயில்டு டு ஸ்டார்ட் ரெய்ஸ் நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ்னு இருக்கிறதையும் பேனாவால வட்டம் போட்டு அனுப்பிருக்கீங்க. அது ரெண்டும் எழவு சொல்லுத வரி, ஆளு போயிட்டாம்னு சொல்லும், எதனால போனாம்னு சொல்லாது. அதுக்கு மூணு வரி மேல, நீங்க வட்டம் போடாம விட்ட எடத்துல, மங்கலா ஒண்ணு கெடக்கு பாருங்க: கன்னாட் ஃபைண்ட் டிவைஸ் ஈஎன்பி2எஸ்0. சங்கதி மொத்தமும் அந்த ஒரு வரிதான். நீங்க 20 தடவ ரீஸ்டார்ட் அடிச்சப்பவும் அது 20 தடவையும் இதையேதான் சொல்லிருக்கு.

எல்லாரும் பழக்கத்துல ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் எக்ஸ்ஈன்னு அடிப்பாவ, அது நேரா லாக்கோட வாலுக்குக் கொண்டு போய் விட்டுரும், அங்கன போய் நின்னா எழவு வரி மட்டும்தான் கண்ணுல படும். அதுக்குப் பதிலா ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் பி ஹைஃபன் யு நெட்வொர்க்கிங்னு அடிங்க, இந்த பூட்ல அந்த ஒரு சர்வீஸ் பேசுனது மட்டும் மேல இருந்து வரும், அதுல முதல்ல எது குறை சொல்லுதோ அதைப் பிடிச்சுக்கோங்க, அதுக்குக் கீழ வாரதுல முக்காவாசி அதோட எதிரொலிதான்.

இப்ப ஈஎன்பி2எஸ்0 எங்க போச்சுன்னு பாப்போம். முன்னால எல்லாம் ஈத்0, ஈத்1னு பேரு இருந்துச்சுல்லா, அது கல்யாணப் பந்தி மாதிரி, எந்தக் கார்டு முந்தி வந்து உக்காருதோ அதுக்கு முதல் எலை. ரெண்டு கார்டு இருந்துட்டா ஒருநாள் இது முந்தும் ஒருநாள் அது முந்தும், உள்ள போக வேண்டிய ஒயர் வெளிய போவும், பெரிய ரோதனை. 2013-ல சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ் எல்லாத்தையும் கிளப்பி மேய்க்கிற புரோகிராம்) 197-ஆவது வெர்ஷன்ல வந்த மாத்தம் என்னன்னா, யாரு முந்தி வந்தாங்கிறதை விட்டுட்டு எந்த எடத்துல உக்காந்திருக்காங்கிறதை வச்சுப் பேரு. ஈஎன்னா ஈதர்நெட், பி2ன்னா பிசிஐ பஸ் (போர்டுல கார்டு சொருவுற பாதை) நம்பர் 2, எஸ்0ன்னா ஸ்லாட் 0. உங்க செத்துப் போன போர்ட் உக்காந்திருந்த எடம் அது. புதுக் கார்ட வேற எடத்துல சொருவிட்டு பழைய பேர்ல கூப்பிட்டா அது எப்படித் திரும்பிப் பாக்கும்?

ஐபி ஹைஃபன் பிஆர் லிங்க்னு அடிச்சுப் பாருங்க, இருக்கிற கார்டெல்லாம் ஒரு வரிக்கு ஒண்ணா வரும். உங்களுக்கு ஈஎன்பி3எஸ்0ன்னு ஒண்ணும் ஈஎன்பி4எஸ்0ன்னு ஒண்ணும் இருக்கணும்னு நெனைக்கேன், ஆனா என் பேச்சை நம்பி எழுதிராதீங்க, ஏன்னா ஒரு கார்டு செத்து இன்னொண்ணு உள்ள வந்தா நல்லா இருக்கிற கார்டோட நம்பர்கூட சில போர்டுல ஒண்ணு நகர்ந்துரும். எது எதுன்னு சந்தேகமா இருந்தா ஒரு ஒயரப் பிடுங்கிட்டு மறுபடி அதே கமாண்ட அடிங்க, எது அப்ங்கிறதுல இருந்து டவுன் ஆவுதோ அதுதான் அந்த ஒயர். (போர்டுல உள்ள கார்டெல்லாம் காட்டுற எல்எஸ்பிசிஐ கமாண்ட அடிச்சு நம்பர ஒப்பிட்டுப் பாக்கிறவங்களுக்கு ஒண்ணு: அதுல பஸ் நம்பர் ஹெக்ஸ்ல, அதாவது பதினாறு பதினாறா எண்ணுற கணக்குல இருக்கும், கார்டு பேர்ல சாதா நம்பரா இருக்கும், அங்க 0ஏன்னு இருந்தா இங்க ஈஎன்பி10. நான் இதுல ஒரு மத்தியானம் முழுக்க முட்டிருக்கேன்.)

பேரு தெரிஞ்சிட்டுல்லா, இப்ப இடிசி-க்குள்ள நெட்வொர்க் ஃபோல்டர்ல இன்டர்ஃபேசஸ் ஃபைலத் திறந்து ஆட்டோ ஈஎன்பி2எஸ்0ன்னு இருக்கிற வரியிலயும், அதுக்குக் கீழ ஐஃபேஸ்னு ஆரம்பிக்கிற வரியிலயும் புதுப் பேரப் போடுங்க, ரெண்டு எடம், ஒண்ண மட்டும் மாத்திட்டு எனக்கு மறுபடி கடுதாசி போடுறவங்க உண்டு. சேவ் பண்ணிட்டு நெட்வொர்க்கிங்க ரீஸ்டார்ட் அடிங்க, இது உங்க 21-ஆவது ரீஸ்டார்ட், இதுக்குத்தான் அர்த்தம் உண்டு.

டிஹெச்சிபி சர்வர் கதை வேற இல்ல. அது லாக்ல நாட் கன்ஃபிகர்டு டு லிசன் ஆன் எனி இன்டர்ஃபேசஸ்னு சொல்லிருக்கும். இடிசி-க்குள்ள டிஃபால்ட் ஃபோல்டர்ல அது பேர்லயே ஒரு ஃபைல் இருக்கு, அதுல இன்டர்ஃபேசஸ்வி4ன்னு ஒரு வரியில பழைய பேரு இருக்கும், அங்கயும் மாத்தணும். மாத்திட்டு நெட்வொர்க்கிங் நல்லா எந்திரிச்ச பொறவு இதைக் கிளப்புங்க, கார்டுக்கு ஐபி வாரதுக்கு முன்னால இதைக் கிளப்புனா மறுபடி விழத்தான் செய்யும். இன்னொரு சங்கதி, நீங்க வச்சிருக்கிற ஐஎஸ்சி டிஹெச்சிபி சர்வர அத எழுதுனவங்களே 2022 கடைசியோட பராமரிக்கிறத நிறுத்திட்டாவ, கீயான்னு புதுசு ஒண்ணு இருக்கு. இப்பவே மாத்த வேண்டாம், நெருப்பு அணையட்டும், அடுத்து பெட்டி கட்டும்போது பாத்துக்கிடலாம்.

மூணாவதா ஒரு எடம் இருக்கு, அதை நீங்க கேக்கவே இல்ல, ஆனா அதுதான் எனக்கு பயம். நெட்டைப் பங்கு வைக்கணும்னா ஃபயர்வால் ரூல்ஸ்லயும் கார்டு பேரு இருக்கும். என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸோட ஃபயர்வால்) ஃபைல்ல ஓஐஎஃப்ன்னு எழுதிருந்தா அந்தக் கார்டு நெசமாவே இருக்கணும், இல்லன்னா ஃபைல் மொத்தமும் ஏறாது, ஒரு வரி தப்புன்னா ஒரு ரூல்கூட உள்ள போகாது, அப்ப உங்க பெட்டி கதவில்லாத வீடு. ஓஐஎஃப்நேம்னு எழுதிருந்தா சத்தமில்லாம ஏறிரும் ஆனா பேரு பொருந்தாததுனால 12 மிஷினுக்கும் ஐபி வரும் நெட் வராது. சிஸ்டம்சிடிஎல் ஹைஃபன் ஹைஃபன் ஃபெயில்டுன்னு அடிச்சா விழுந்து கெடக்கிற சர்வீஸ் எல்லாம் ஒரு பட்டியலா வரும், அதுல என்எஃப்டேபிள்ஸும் இருக்கான்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க.

அடுத்த இடிக்கு மறுபடி மூணு ஃபைல நோண்டாம இருக்கணும்னா நீங்களே கார்டுக்குப் பேரு வைக்கலாம். இடிசி-க்குள்ள சிஸ்டம்டி, அதுக்குள்ள நெட்வொர்க் ஃபோல்டர்ல 10 ஹைஃபன் உள்ள டாட் லிங்க்னு (உள்ளங்கிறதும் பேர்ல சேத்திதான்) ஒரு ஃபைல் உண்டாக்கி, மேட்ச்ங்கிற தலைப்புல கார்டோட மேக் அட்ரஸ் (கார்டுலயே பதிஞ்ச நம்பர்), லிங்க்ங்கிற தலைப்புல நேம்னு போட்டு உள்ள0ன்னு குடுத்துருங்க (இங்கிலீஷ் எழுத்துலதான், 15 எழுத்துக்குள்ள; மேட்ச், லிங்க், நேம் மூணுக்கும் முதல் எழுத்து பெரிசு). வெளிக்கார்டுக்கு வெளி0. ஈத்0ன்னு மட்டும் வைக்காதீங்க, கெர்னல் தானா வைக்கிற பேரோட மோதும். டெபியன்ல இதுக்குப் பொறவு அப்டேட் ஹைஃபன் இனிட்ராம்எஃப்எஸ் ஹைஃபன் யு ஒருக்கா அடிச்சுட்டு ரீபூட் பண்ணுங்க. மத்த எல்லா ஃபைல்லயும் உள்ள0, வெளி0ன்னு எழுதி வச்சிட்டா அப்புறம் எத்தனை கார்டு செத்தாலும் அந்த ஒரு மேக் அட்ரஸ மட்டும் மாத்துனா சோலி முடிஞ்சது.

ஃபார்மேட் ஏன் வேண்டாம்ங்கேன்னா, நான் பட்டிருக்கேன். பல வருசத்துக்கு முன்னால சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ரைஸ்மில் ஆபீஸ்ல இதே மாதிரி இடி, இதே மாதிரி கார்டு மாத்தம், ராத்திரி 11 மணி, மில்லுக்காரரு சாரத்த மடிச்சுக் கட்டிட்டு எதுக்க உக்காந்திருக்காரு, நான் புத்தி கெட்டுப் போய் ஃபார்மேட் அடிச்சேன், ஓடுச்சு! ஏன் ஓடுச்சுன்னா, இன்ஸ்டால் ஆகும்போது அது அப்ப இருக்கிற கார்டோட பேரப் பாத்து புதுசா எழுதிக்கிடும், அவ்வளவுதான். ஆனா நான் ஃபார்மேட்தான் மருந்துன்னு நம்பிட்டேன், அடுத்து ரெண்டு எடத்துல அதையே செஞ்சேன், மூணாவது எடத்துலதான் அந்த மங்கலான வரி கண்ணுல பட்டது. மில்லுல அன்னைக்கு போன 4 மாசத்து எடைச்சீட்டுக் கணக்க அந்த ஆபீஸ் பிள்ளைய நோட்டப் பாத்து மறுபடி ஏத்துனதுக்கு நான்தான் காரணம், அவுகளுக்கு இன்னும் தெரியாது.

கடைசியா, யுபிஎஸ் இருக்கேன்னு இருக்காதீங்க. மாடியில இருந்து எதுத்த கட்டடத்துக்கு தட்டட்டி வழியா இழுத்த செம்பு ஒயர் இருந்தா இடி அது வழியாத்தான் வரும், கரண்டு வழியா வரணும்னு இல்ல. வெளிய போற ஒயரு மட்டுமாவது ஃபைபரா மாத்துங்க.

கேள்வி: சார், காலேஜ் செகண்ட் இயர். லேப்டாப்ல உபுண்டு லினக்ஸ் போட்டு அப்பாச்சி வெப் சர்வர் படிச்சேன். இப்ப இன்னொரு வெப் சர்வர், என்ஜின்எக்ஸ் படிக்கலாம்னு இன்ஸ்டால் பண்ணா ஸ்டார்ட்டே ஆகல, 98 அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்னு வருது. கன்ஃபிக் ஃபைல்ல நான் கையே வைக்கல. இப்ப என்ன பண்ணாலும் ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ க்விக்லின்னு திட்டுது.
– கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: கன்ஃபிக்ல தப்பே இல்லம்மா. உபுண்டு, டெபியன் ரெண்டுலயும் அப்பாச்சிய இன்ஸ்டால் பண்ண உடனே அது தானா கிளம்பி 80-ஆம் நம்பர் போர்ட்ல துண்டப் போட்டு உக்காந்துக்கிடும், ஒவ்வொரு பூட்டுக்கும் உக்காரும். ஒரு அட்ரஸ்ல ஒரு போர்ட்ல ஒருத்தருக்குத்தான் எடம், டவுன் பஸ்ஸு மாதிரி நெருக்கி உக்கார முடியாது. எஸ்எஸ் ஹைஃபன் எல்டிஎன்பின்னு சூடோ போட்டு அடிச்சிப் பாரு, 80-க்கு நேரா யாரு உக்காந்திருக்காவன்னு பேரும் ப்ராசஸ் நம்பரும் வரும். அப்பாச்சிய ஸ்டாப் பண்ணு, டிசேபிளும் பண்ணு, வெறும் ஸ்டாப் மட்டும் பண்ணா நாளைக்குக் காலையில மறுபடி வந்து உக்காந்திருக்கும். ரெண்டும் வேணும்னா ஒண்ண 8080-க்கு மாத்திக்கோ.

அந்தத் திட்டு ஒண்ணுமில்ல, 10 செகண்டுக்குள்ள 5 தடவைக்கு மேல கிளப்புனா சிஸ்டம்டி கோவிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருன்னு சொல்லும். சிஸ்டம்சிடிஎல் ரீசெட் ஹைஃபன் ஃபெயில்டு அடிச்சா ஆறிரும்.

அந்த 98 இருக்குல்லா, அதையும் அது தம்பிமாரு ரெண்டு பேரையும் மனசுல வச்சுக்கோ. 98ன்னா எடத்துல வேற ஆள் இருக்கு. 99ன்னா நீ கேக்கிற அட்ரஸே இந்த மிஷின்கிட்ட இப்ப இல்ல. 13ன்னா எடம் காலி, ஆனா உனக்கு அனுமதி இல்ல, 1024-க்குக் கீழ உள்ள போர்ட்ட சாதா யூசரா பிடிக்கப் போனாலோ, செலினக்ஸ்ங்கிற கூடுதல் காவல் உள்ள மிஷின்ல பழக்கமில்லாத போர்ட்டுக்கு மாத்துனாலோ வரும். இந்த மூணு நம்பரையும் மனசுல வச்சிருந்தா சர்வீஸ் பேரு எதுவா இருந்தாலும் கதை பாதி தெரிஞ்சிரும்.

கேள்வி: 99 கேஸ் ஒண்ணு என்கிட்ட இருக்கு அண்ணாச்சி. ஜவுளி குடோன்ல பில்லிங் சாஃப்ட்வேர், ஒரு லினக்ஸ் மிஷின்ல ஓடுது, 192.168.1.10-ல மட்டும் கேக்கிற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கோம். காலையில மிஷினப் போட்டா சர்வீஸ் ஃபெயில்டு, கன்னாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்னு வரும். உள்ள போய் கையால ஸ்டார்ட் பண்ணா ஒழுங்கா ஓடுது. தெனமும் காலையில இதே வேலையாப் போச்சு. ஆஃப்டர் நெட்வொர்க் டாட் டார்கெட்னு சர்வீஸ் ஃபைல்ல இருக்கத்தான் செய்யுது.
– குடோன் கணக்கர், மேலப்பாளையம்

பதில்: அண்ணாச்சி, அந்தப் பேரு நம்ம எல்லாரையும் ஏமாத்துன பேரு. நெட்வொர்க் டாட் டார்கெட்ன்னா நெட்வொர்க் வந்துட்டுன்னு நெனைக்கோம், அதுக்கு அர்த்தம் அது இல்ல. நெட்வொர்க்க கவனிக்கிற ஆளு எந்திரிச்சுட்டாம்னு மட்டும்தான் அது சொல்லும். ஆனித் திருவிழாவுல நெல்லையப்பர் தேருக்கு வடம் பூட்டியாச்சுங்கிறதுக்கும் தேரு நகர்ந்துட்டுங்கிறதுக்கும் எம்புட்டு நேரம் இருக்கு! உங்க பில்லிங் சர்வீஸ் வடம் பூட்டுன உடனே கிளம்பி 192.168.1.10 எங்கன்னு கேக்கு, கார்டுக்கு இன்னும் அட்ரஸே ஏறல, 99ன்னு விழுந்துருது. நீங்க வந்து கையால போடுதப்ப அட்ரஸ் வந்து அரைமணி நேரம் ஆயிருக்கும், அதனால ஓடுது.

சிஸ்டம்சிடிஎல் எடிட்னு அடிச்சு சர்வீஸ் பேரக் குடுங்க, வெத்துப் பக்கம் ஒண்ணு திறக்கும், அதுல யூனிட்ங்கிற தலைப்பு போட்டு வான்ட்ஸ், ஆஃப்டர் ரெண்டுக்கும் நேரா நெட்வொர்க் ஹைஃபன் ஆன்லைன் டாட் டார்கெட்னு எழுதுங்க (யூனிட், வான்ட்ஸ், ஆஃப்டர் மூணுக்கும் முதல் எழுத்து பெரிசு). ரெண்டும் வேணும். ஆஃப்டர் மட்டும் போட்டா அவன் வந்தா அவனுக்குப் பின்னால வாரேன்னுதான் அர்த்தம், அவன யாரும் கூப்பிடலைன்னா காத்திருக்கவே செய்யாது, வான்ட்ஸ்தான் கூப்பிடுது. அதோட, நெட்வொர்க்க கவனிக்கிற அந்த ஆளு நெட்வொர்க்மேனேஜரா உள்ள மிஷின்னா அதோட வெயிட் ஹைஃபன் ஆன்லைன் சர்வீஸ், நெட்வொர்க்டி உள்ள மிஷின்னா அதோடது, எனேபிள் ஆயிருக்கான்னு பாத்துக்கோங்க.

ஒரு பக்க விளைவு உண்டு. நெட்வொர்க்டி உள்ள மிஷின்ல ஒயர் சொருவாத கார்டு ஒண்ணு கன்ஃபிக்ல இருந்தா பூட்டு 2 நிமிசம் அப்படியே நிக்கும், அந்தக் கார்டுக்கும் சேத்துக் காத்துக்கிட்டு இருக்கும், ஆப்ஷனல்னு குறிச்சிட்டா விட்டுரும். இந்த ரோதனையே வேண்டாம்னா எல்லா அட்ரஸ்லயும் கேக்கிற மாதிரி 0.0.0.0-ன்னு வச்சிட்டு யாரு உள்ள வரலாம்ங்கிறத ஃபயர்வால்ல பாத்துக்கிடலாம், நான்னா இதைத்தான் செய்வேன்.

கேள்வி: வெள்ளத்துல முங்குன சர்வர் அண்ணாச்சி. 2023 டிசம்பர்ல போர்டு போயி, வேற போர்டு போட்டு ஹார்டு டிஸ்க் மட்டும் பழசு, ஓஎஸ் சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ். கொஞ்ச நாள் ஒருத்தர் வந்து ஏதோ செஞ்சு ஓடுச்சு, போன வாரம் கரண்டு போயி வந்ததுல இருந்து ஃபெயில்டு டு ஸ்டார்ட் எல்எஸ்பி ப்ரிங் அப் டவுன் நெட்வொர்க்கிங்னு நிக்கி. இதுல வேடிக்கை, நெட்டு ஓடத்தான் செய்யுது, சர்வீஸ் மட்டும் ஃபெயில்டுங்குது.
– ஸ்ரீவைகுண்டத்துல இருந்து ஒரு வாசகர்

பதில்: 17, 18 தேதி ரெண்டு நாளும் நம்ம ஊருக்காரங்க யாருக்கும் மறக்காது, செந்தூர்ல இருந்து கிளம்புன ரயிலு உங்க ஸ்டேஷன்லதான நின்னு போச்சு. அதுல முங்கி எந்திரிச்ச டிஸ்க் இன்னும் சுத்துதுங்கிறதே பெரிசு, பேக்கப் எடுத்துட்டீங்களா? எடுக்கலைன்னா இதை மூடி வச்சிட்டு எடுத்துட்டு வாங்க, மிச்சத்தப் பொறவு வாசிங்க.

நெட்டு ஓடுது ஆனா ஃபெயில்டுங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் துப்பு. சென்ட்ஓஎஸ் 7-ல நெட்வொர்க்ங்கிற பழைய சர்வீஸ், சிஸ்கன்ஃபிக்-க்குள்ள நெட்வொர்க் ஹைஃபன் ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டர்ல ஐஎஃப்சிஎஃப்ஜின்னு ஆரம்பிக்கிற ஃபைல் ஒவ்வொண்ணா எடுத்துக் கிளப்பும், அதுல ஒண்ணே ஒண்ணு விழுந்தாலும் மொத்த சர்வீஸும் விழுந்துட்டுன்னு சொல்லிரும். 10 பேரு பரீட்சை எழுதி ஒருத்தன் ஃபெயிலான மொத்த கிளாஸையும் ஃபெயில்ங்கிற வாத்தியாரு. அந்த ஃபோல்டர எட்டிப் பாருங்க, உங்களுக்கு செஞ்சு குடுத்தவரு பழைய ஃபைல அங்கனயே ஐஎஃப்சிஎஃப்ஜி ஹைஃபன் ஈத்0 ஹைஃபன் ஓல்டுன்னு காப்பி எடுத்து வச்சிருப்பாரு, நான் பந்தயம் கட்டுதேன். டாட் பிஏகேன்னு முடிஞ்சா அது கண்டுக்காது, ஹைஃபன் ஓல்டுன்னு முடிஞ்சா அதுவும் ஒரு கார்டுன்னு நெனச்சு கிளப்பப் பாக்கும். பழைய ஃபைல்ல ஹெச்டபிள்யூஅட்ரஸ்னு செத்த போர்டோட மேக் அட்ரஸ் இருக்கும், பொருந்தாது, விழும். அந்த காப்பிய ரூட் ஹோமுக்கு நகத்திருங்க. புது ஃபைல்லயும் ஹெச்டபிள்யூஅட்ரஸ் வரி பழசா இருந்தா திருத்துங்க.

அப்படி ஒண்ணும் இல்லன்னா நெட்வொர்க்மேனேஜரும் பழைய நெட்வொர்க் சர்வீஸும் ஒரே கார்டுக்கு மல்லுக்கட்டுதான்னு பாருங்க, ஒரு வீட்டுக்கு ரெண்டு நாட்டாமை வேண்டாம், ஒண்ண நிறுத்துங்க.

சரியானதுக்குப் பொறவு ஒரு வேலை பாக்கி இருக்கு. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட அப்டேட் நின்னு போச்சு. இந்தப் பழைய சர்வீஸும் அதுக்கடுத்த ரெட்ஹேட் (சென்ட்ஓஎஸ்ஸுக்கு மூலம் அதுதான்) 8-ல ஓரங்கட்டி, 9-ல கெடையவே கெடையாது, அங்க எல்லாம் நெட்வொர்க்மேனேஜர்தான். டிஸ்க்கும் வயசாளி, ஓஎஸ்ஸும் வயசாளி, ரெண்டையும் சேத்து இந்த வருசமே மாத்திருங்க.

கேள்வி: உபுண்டுல நெட்வொர்க் செட் பண்ற நெட்ப்ளான் இருக்குல்லா, நெட்ப்ளான் அப்ளை அடிச்சா இன்வேலிட் யாமெல்னு வருது. ஃபைல விண்டோஸ் மிஷின்ல நோட்பேட்ல எழுதி பென்டிரைவ்ல கொண்டு வந்தேன். கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காத்தான் தெரியுது.
– வள்ளியூர் வாசகர்

பதில்: கண்ணுக்குத் தெரியாததுதான் அங்க இருக்கு, டேப். யாமெல்ல (அந்த ஃபைல எழுதுற முறைக்குப் பேரு) வரி தள்ளி எழுத டேப் ஆகாது, ஸ்பேஸ்தான். கேட் ஹைஃபன் ஏன்னு (இந்த ஏ மட்டும் பெரிய எழுத்து) அடிச்சு ஃபைலப் பாருங்க, டேப் இருக்கிற எடத்துல கூரை போட்ட ஐ எழுத்து வந்து நிக்கும், வரி கடைசியில கூரை போட்ட எம் நின்னா அது விண்டோஸ் விட்ட எச்சம், அதையும் தூத்துருங்க. கேட்வே4ன்னு எழுதிருந்தா அது பழைய முறை, ரவுட்ஸ்னு தலைப்பு போட்டு டிஃபால்ட்டுக்கு வழி எழுதுங்க. அப்புறம் அப்ளை அடிக்காதீங்க, நெட்ப்ளான் ட்ரை அடிங்க, 120 செகண்டுக்குள்ள நீங்க என்டர் தட்டலைன்னா பழையதுக்கே திரும்பிரும். தூரத்துல இருக்கிற மிஷினுக்கு எஸ்எஸ்ஹெச்ல போய் ஐபி மாத்தி, தானே தன் கதவப் பூட்டி சாவிய உள்ள போட்டுட்டு, திருநெல்வேலியில இருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறிப் போனவன் சொல்லுதேன், கேளுங்க.

கேள்வி: போன தடவ ஒரு பதில்ல, டிஎன்எஸ்மாஸ்க் (சைட்டுப் பேர ஐபி-யா மாத்திச் சொல்லுற சர்வர்) கிளம்பலைன்னா 53-ஆம் போர்ட்ல அதே வேலை பாக்கிற சிஸ்டம்டி ரிசால்வ்டு உக்காந்திருக்கும், அதை டிசேபிள் பண்ணுங்கன்னு எழுதிருந்தீங்க. பண்ணேன். டிஎன்எஸ்மாஸ்க் பேக்கேஜ் பாதி இறங்கும்போதே நெட்டு போச்சு, எந்தப் பேரும் திறக்கல. ரெண்டு நாள் சோலி கெட்டுது. இப்படி அரைகுறையா எழுதலாமா?
– பணகுடி வாசகர்

பதில்: எழுதக் கூடாது, தப்பு என் மேலதான். உபுண்டுல இடிசி-க்குள்ள இருக்கிற ரிசால்வ் டாட் கான்ஃப் நெசமான ஃபைல் இல்ல, ரிசால்வ்டு எழுதி வச்ச ஒண்ணுக்கு கை காட்டுத லிங்க், அதுக்குள்ள நேம்சர்வர் 127.0.0.53-ன்னு இருக்கும். ரிசால்வ்ட நிறுத்துனா அந்த அட்ரஸ்ல கேக்க ஆளே இல்ல, ஆனா மிஷின் அங்கயேதான் போய்க் கேக்கும். டிசேபிள் பண்ண வேண்டிய அவசியமே இல்ல. ரிசால்வ்டு டாட் கான்ஃப்ல டிஎன்எஸ்ஸ்டப்லிசனர்ங்கிற வரிய நோன்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணா 53-ஐ மட்டும் விட்டுக் குடுத்துரும், அப்புறம் அந்த லிங்க்க ரன் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்டி, ரிசால்வ், ரிசால்வ் டாட் கான்ஃப்க்கு (ஃபோல்டர் பேர்ல கடைசியில ஈ உண்டு, ஃபைல் பேர்ல கெடையாது) மாத்திருங்க, அதுல உங்க மோடமோட நெசமான டிஎன்எஸ் இருக்கும். இதை நான் அன்னைக்கே எழுதிருக்கணும், எடம் இல்லைன்னு வெட்டுனேன், வெட்டக் கூடாத எடத்துல வெட்டிட்டேன்.

கேள்வி: அப்பளக் கம்பெனி ஆபீஸ் மிஷின். நெட்வொர்க்மேனேஜர் ஆக்டிவ்னு பச்சையா இருக்கு, ஆனா கனெக்‌ஷன் மட்டும் கிளம்பல. ஐபி லிங்க்ல நோ ஹைஃபன் கேரியர்னு இருக்கு. லாக்கெல்லாம் படிச்சேன், குறை ஒண்ணுமே இல்ல.
– கல்லிடைக்குறிச்சியில இருந்து

பதில்: லாக்க படிச்சதுக்கு சந்தோசம்மா, ஆனா நோ கேரியர்னா ஒயர்ல மறுமுனையில உயிரே இல்லைன்னு அர்த்தம், லினக்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உளுந்து மாவு மூட்டை இருக்கிற எடத்துல எலி இருக்கும். ஒயரு மூட்டைக்குப் பின்னால போற எடத்துல கையவிட்டு தடவிப் பாருங்க.